மூன்று புள்ளி, ஒரு புள்ளி: விக்கியில் உழைப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி "எத்தனை புள்ளி?" என்பதுதான். தமிழகத்தில் மதிப்பெண் என்பதை நாம் இங்கே புள்ளி என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று நானும் புள்ளிகளை எண்ணியே வளர்ந்தவன். சம்பளமும் சான்றிதழும் இல்லாமல் மனிதர்கள் விரும்பி உழைக்கும் இடத்திலும் புள்ளி உண்டு என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த இடம் விக்கி. அங்கே புள்ளிகள் எப்படி வழங்கப்படுகின்றன, அவை எதை அளக்கின்றன, எதை அளக்கத் தவறுகின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். இதில் என் சொந்தத் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

விளையாட்டு விக்கியும் பதக்கங்களும்

விக்கி என்பது யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பு. நாம் அனைவரும் அறிந்த விக்கிப்பீடியா அதில் ஒன்று. கணினி விளையாட்டுகளுக்கென்றே தனி விக்கிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எந்தக் கட்டத்தில் எந்த ஆயுதம் கிடைக்கும், எந்த எதிரியை எப்படி வீழ்த்தலாம் என்பதையெல்லாம் விளையாடுபவர்களே அவற்றில் எழுதி வைக்கிறார்கள். இத்தகைய விக்கிகள் பலவற்றுக்கு இடம் தரும் நிறுவனம், விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004இல் தொடங்கியது. முன்பு விக்கியா என்று அழைக்கப்பட்ட அது 2016 முதல் ஃபேண்டம் என்ற பெயரில் இயங்குகிறது.

இங்கே 2010இல் பதக்க முறை அறிமுகமானது. அப்போது வெண்கலப் பதக்கத்துக்கு 10 புள்ளி, வெள்ளிக்கு 50, தங்கத்துக்கு 100 என்று கணக்கிட்டார்கள். முதல் திருத்தம் செய்தால் ஒரு பதக்கம். படம் சேர்த்தால் ஒன்று. பக்கத்தை ஒரு பகுப்பில் சேர்த்தால் மற்றொன்று. தொடர்ந்து 5 நாள்கள் பங்களித்தால் ஒன்று. அது 365 நாள்கள் வரை படிப்படியாக உயர்ந்தது. அந்த விக்கியின் ஆயிரமாவது திருத்தம் தற்செயலாக யாருடையதாக அமைந்ததோ, அவருக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது.

இவை அனைத்தையும் வழங்கியது நிரல்தான். நிரலுக்கு எண்ணத் தெரியும்; படிக்கத் தெரியாது. என் பெரியம்மா மகன் அண்ணன் ஒருவர் அந்நாளில் ஒரு விளையாட்டு விக்கியில் ஈடுபட்டிருந்தார். ஒரு பத்தியில் இருந்த ஐந்து எழுத்துப் பிழைகளையும் ஒரே முறையில் திருத்தாமல், ஒவ்வொன்றாகத் திருத்தி ஐந்து முறை சேமிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒன்றாகச் செய்தால் ஒன்று, ஐந்தாகச் செய்தால் ஐந்து" என்றார். அப்போது நான் படிவம் ஒன்று மாணவன். அவர் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ் எழுத்தின் எடை

விக்கிப்பீடியாவில் இப்படிப்பட்ட அன்றாடப் புள்ளி முறை கிடையாது. ஒருவர் எத்தனை திருத்தங்கள் செய்துள்ளார் என்ற எண்ணிக்கையைப் பார்க்கலாம். மனம் நிறைந்த ஒருவர் மற்றொருவருக்குப் பதக்கம் சூட்டலாம். அவ்வளவுதான். ஆயினும் போட்டிகள் நடக்கும்போது அளவுகோல் தேவைப்படுகிறது. 2015இல் தொடங்கிய ஆசிய மாதம் என்ற போட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கட்டுரை ஏற்கப்பட வேண்டுமானால் குறைந்தது 3,000 பைட்டும் 300 சொற்களும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஏன் இரண்டு அளவுகள்? பைட் என்பது கணினி சேமிப்பின் அலகு. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் ஒருங்குறி முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். "தமிழ்" என்ற சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது. ஆக மொத்தம் 15 பைட். அதே பெயரை ஐந்து ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 5 பைட்தான். எனவே பைட்டை மட்டும் பார்த்தால், தமிழில் நூற்றுச் சொச்சம் சொற்களிலேயே 3,000ஐத் தொட்டுவிடலாம்.

சரி, சொற்களை மட்டும் எண்ணினால் போதுமா? அதுவும் நமக்குச் சரிவராது. "செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். "செய்து கொண்டு இருக்கிறார்கள்" என்று பிரித்து எழுதினால் மூன்று. அண்ணன் ஐந்து முறை சேமித்ததைப் போல, இங்கே இடைவெளி விட்டே எண்ணிக்கையை உயர்த்தலாம். ஆகவேதான் இத்தகைய போட்டிகளில் கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்பதை இறுதியில் நடுவர்களாக அமர்ந்த மனிதர்கள் படித்து முடிவு செய்கிறார்கள்.

விக்கிமூலத்தின் இரண்டு கண்கள்

புள்ளி முறையை நான் நன்கு அறிந்துகொண்டது விக்கிமூலத்தில்தான். இது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு; நூலகம் போன்றது. பழைய நூல்களை ஒளிவருடி, எழுத்துணரி நிரலால் தட்டச்சு வடிவமாக்கி, பிறகு மனிதர்கள் மெய்ப்பு பார்க்கிறார்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஏராளமான நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் இப்படித்தான் ஏறிவருகின்றன.

திரையில் ஒரு பக்கம் நூலின் படமும் மறுபக்கம் எழுத்தும் தெரியும். மெய்ப்பு பார்க்கப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திவிட்டால் மஞ்சள். இரண்டாமவர் ஒருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சை. தானே மஞ்சளாக்கிய பக்கத்தைத் தானே பச்சையாக்க மென்பொருள் ஒருவரை அனுமதிக்காது. இரண்டு மனிதர்களின் கண் படாமல் எந்தப் பக்கமும் பச்சையாகக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இந்திய மொழி விக்கிமூலங்களுக்கென 2020இல் நடந்த மெய்ப்புப் போட்டியில் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கினால் 3 புள்ளி, பச்சையாக்கினால் 1 புள்ளி என்று கணக்கிட்டார்கள். முதல் மெய்ப்பில் உழைப்பு அதிகம், இரண்டாவதில் குறைவு என்பதால் இது நியாயமான கணக்கே.

என் நாற்பத்தொரு புள்ளிகள்

பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் நண்பர்கள் இருவரும் நானும் சென்ற ஆண்டு இந்தக் கணக்கைக் கடன் வாங்கி எங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டோம். இரண்டு வாரம். தோற்பவர் மற்ற இருவருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் புள்ளிகளைக் குறித்தோம்.

ஒரு பக்கத்தை மஞ்சளாக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. நண்பன் ஏற்கெனவே மஞ்சளாக்கிய பக்கத்தைப் பச்சையாக்கவோ ஒரு சொடுக்குப் போதும். கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலிலும் அன்றிரவு வீட்டிலுமாக 41 பக்கங்களைப் பச்சையாக்கினேன். படிக்கவில்லை, பார்த்தேன். அண்ணனின் ஐந்து சேமிப்புகளால் யாருக்கும் கேடில்லை. நான் செய்தது அப்படியல்ல.

மறுநாள் என் பேச்சுப் பக்கத்தில் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நான் பச்சையாக்கிய ஒரு பக்கத்தில், அடியார்கள் இறைவனின் "பரதம் பணிந்தனர்" என்று இருந்தது. நூலின் படத்தில் இருந்தது "பாதம்". துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்வது எழுத்துணரிக்கு வழக்கமான பிழை. காடு என்பது கரடு ஆகும். பால் என்பது பரல் ஆகும். இவையெல்லாம் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி நிரலும் கண்டுபிடிக்காது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை மஞ்சளுக்கு மாற்றிவிட்டு, "தம்பி, பச்சை என்றால் இனி யாரும் பார்க்கமாட்டார்கள் என்று பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த வரி என்னைச் சுட்டது. 41 பக்கங்களையும் மறுபடி திறந்தேன். 13 பக்கங்களில் பிழை இருந்தது. அவற்றைத் தேடும்போதுதான் வேறொன்றும் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் ஆசிரியை வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வார். இடைநிலைப்பள்ளியில் தமிழ் சனிக்கிழமைப் பாடமாகிவிட்டது. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்தேன், எஸ்.பி.எம். தேர்வில் தமிழுக்கு நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் ஒரு பக்கத் தமிழை எழுத்தெழுத்தாக நான் படித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சொல்லின் வடிவத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். அந்த எழுத்துணரி நிரல் செய்ததும் அதைத்தான்.

புள்ளி வேண்டாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். அந்த நோட்டுப் புத்தகம் இல்லையென்றால் நாங்கள் மூவரும் விக்கிமூலத்தின் பக்கமே போயிருக்கமாட்டோம். ஆளை வாசல் வரை அழைத்துவரப் புள்ளி உதவும். உள்ளே வந்தவர் உண்மையாகப் படித்தாரா என்பதை அறிய மற்றொரு மனிதர்தான் வேண்டும். எனவே எங்கள் கணக்கில் இரண்டு விதிகளைச் சேர்த்தோம். ஒருவர் மஞ்சளாக்கியதை எங்களில் மற்றவர் பச்சையாக்கக் கூடாது. வெளியாள்தான் செய்ய வேண்டும். பச்சையான பக்கத்தில் பின்னர் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் 3 புள்ளி கழிக்கப்படும். முதல் விதியால் என் 41 புள்ளிகளும் போயின. இரண்டாம் விதியால் மேலும் 39 கழிந்தன. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நான்தான் பணம் கட்டினேன்.

இப்போது மாலையில் நான்கு பக்கம் பார்க்கிறேன். பழைய வழக்கப்படி திரையில் அளவுகோலையும் வைத்துக்கொள்கிறேன். வாசிக்கும் நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் விக்கிமூலத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, சிவப்பாக உள்ள ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நேரமிருந்தால், நான் மஞ்சளாக்கியுள்ள பக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். அவற்றைப் பச்சையாக்க எங்கள் மூவரைத் தவிர வேறொருவர் வேண்டும்.