ரொட்டிக் கடையிலிருந்து வர்த்தகக் கண்காட்சிக்கு

பெங்களூரு நகரின் எந்தக் கடைவீதியிலும் ஓர் ஐயங்கார் பேக்கரியைக் காணலாம். ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. சிக்பேட்டையில் 1898-இல் தொடங்கப்பெற்ற பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி இவற்றுள் முதலாவது எனக் கூறுவர். காரா பன், தேங்காய் பன், ரஸ்க் ஆகியவை அன்று காலையில் சுடப்பட்டு, அன்று மாலைக்குள் ரொக்கத்திற்கு விற்றுத் தீரும். மைதாவுக்கும் வெண்ணெய்க்கும் போட்ட முதல் ஓரிரு நாட்களிலேயே கைக்குத் திரும்பிவிடுகிறது. சிறிய மூலதனத்தில் இத்தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நிற்பதற்கு இந்த விரைவான சுழற்சியே முக்கிய காரணம் எனலாம்.

இத்தகைய ஒரு பேக்கரி சிறப்பு உணவுப் பொருட்களுக்கான வர்த்தகக் கண்காட்சியில் அரங்கு எடுக்கும்போது என்ன நேர்கிறது என்பது ஆராயத்தக்கது. இதற்கான வாய்ப்பு பெங்களூருவிலேயே இருக்கிறது. கர்நாடக அரசின் வேளாண்மைத் துறை, இயற்கை வேளாண்மைப் பொருட்களுக்கும் சிறுதானியங்களுக்குமான சர்வதேச வர்த்தகக் கண்காட்சியை அரண்மனை மைதானத்தில் 2018 ஜனவரியில் நடத்தியது. 2019, 2023, 2024, 2025 ஆண்டுகளிலும் அது நடைபெற்றது. பொதுமக்கள் வாங்கிச் செல்லும் அரங்குகளோடு, உற்பத்தியாளரும் மொத்தக் கொள்முதல் செய்வோரும் நேரில் பேசுவதற்கான தனிக் கூட்டங்களும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டன. கேழ்வரகு பிஸ்கட், வரகு ரஸ்க், சாமைக் குக்கீ போன்ற பண்டங்களுக்கு இது பொருத்தமான சந்தையாகும்.

பண்டமே மாறவேண்டும்

கண்காட்சிக்கு வரும் மொத்தக் கொள்முதலாளர் காரா பன்னைத் தேடி வருவதில்லை. ரொட்டியின் ஈரப்பதம் ஏறத்தாழ 35 விழுக்காடு. சில நாட்களில் அது பூஞ்சணம் பிடித்துவிடும். பிஸ்கட்டின் ஈரப்பதம் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. காற்றுப் புகாத உறையில் அது மாதக் கணக்கில் கெடாது. எனவே வெளியூர் வாணிபத்தை நாடும் பேக்கரி, தன் அன்றாடப் பண்டங்களை விட்டுவிட்டு வேறொரு பண்டத்தைச் செய்ய நேரிடுகிறது.

அப்பண்டம் சிறுதானியத்தால் ஆனதாயின் தொழில் நுணுக்கமும் மாறும். மாவை உப்பி நிற்கச் செய்யும் கோதுமைப் பசைப் புரதம் கேழ்வரகில் இல்லை. ஆகவே ரொட்டிக்குக் கோதுமை மாவையும் கலக்கவேண்டும். பிஸ்கட்டில் இத்தொல்லை குறைவு. கம்பு மாவோ அரைத்த சில நாட்களிலேயே காறல் வாடை கொள்ளத் தொடங்கும். இவற்றைக் கற்பிக்க ஹெப்பாளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பேக்கரிப் பயிற்சிப் பிரிவும், மைசூருவில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. உறையின்மீது உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், சைவ உணவுக்கான பச்சைக் குறி, தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை அச்சிடப்படவேண்டும். கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்துப் பழகியவருக்கு இது புதிய பாடம்.

ஆர்டர் கிடைத்த பின்

ஆயினும் உண்மையான சிக்கல் ஆர்டர் கிடைத்த பின்னரே தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வாரந்தோறும் 500 பொட்டலம் பிஸ்கட், பொட்டலம் 80 ரூபாய் வீதம், 45 நாள் தவணையில் வாங்க ஒரு பல்பொருள் அங்காடி முன்வருகிறது. பொட்டலத்திற்கு அடக்கவிலை 60 ரூபாய் எனில், வாரம் 30,000 ரூபாய் செலவாகும். முதல் பட்டியலுக்குப் பணம் வருமுன் ஆறு வாரச் சரக்கு அனுப்பியாக வேண்டும். அதாவது 1,80,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். லாபம் தரும் ஆர்டர்தான். ஆனால் நேற்றைய கல்லாப்பணத்தில் இன்றைய மாவை வாங்கும் கடைக்கு அத்தொகை எங்கிருந்து வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் பேக்கரி நடத்தும் தம்பதியரைச் சந்தித்தேன். மூன்று நாட்களில் முகவரி அட்டைகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருந்தன. அவர்கள் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது. முந்தைய ஆண்டு ஒரு பெரிய கடை வாங்கிய சரக்கில் பாதியைத் தேதி நெருங்கியபின் திருப்பியனுப்பி, மீதிக்கு நான்கு மாதம் கழித்தே பணம் கொடுத்ததாம். இம்முறை அவர்கள் ஒப்புக்கொண்டது ஒரே ஓர் ஆர்டர்: வாராவாரம் ரொக்கம் தரும் ஒரு விடுதியின் சிற்றுண்டிச்சாலை. விற்பனைப் பெருக்கத்தையே வெற்றியின் அளவுகோலாகக் கொண்டு அறிக்கை எழுதிப் பழகிய எனக்கு அது தயக்கமாகவே முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபின் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதை உணர்ந்தேன்.

சட்டம் துணை செய்யாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாட்களே. ஆனால் ஒரே பெரிய வாடிக்கையாளர்மீது புகார் மனு கொடுக்க எந்தச் சிறு வியாபாரி துணிவார்? பட்டியல்களை வங்கிகளிடம் முன்கூட்டியே பணமாக்கிக்கொள்ளும் 'ட்ரெட்ஸ்' மின்னணு முறை இதற்கு ஓரளவு பரிகாரம். வாங்குபவரும் அதில் சேர்ந்து பட்டியலை ஏற்றால்தான் அது பயன்படும்.

குறு உணவுத் தொழில்களுக்கென 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் திட்டம், திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், கடனோடு இணைந்த மானியமாக அளிக்க வகைசெய்தது. ஓவனும் மாவு பிசையும் இயந்திரமும் வாங்க இது பெரிதும் உதவும். ஆறு வார மாவும் வெண்ணெயும் வாங்க வேண்டிய நடைமுறை மூலதனமோ வேறு கணக்கு. மாவட்ட அளவில் இத்திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்கள், அரங்கு வாடகைக்கான உதவியைப் பரிந்துரைக்கும் அதே கோப்பில், விண்ணப்பதாரரின் மாத உற்பத்தித் திறன் எவ்வளவு, வங்கியில் அவருக்கு நடைமுறை மூலதன வரம்பு உண்டா என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வரம்பு இல்லாதவரை, கண்காட்சிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே வங்கிக் கிளைக்கு அனுப்பிவைக்க இயலும்.