சுகர் டெஸ்டை ஏமாற்றலாம், பாதத்தை ஏமாற்ற முடியாது

அப்பாவுக்கு 14 வருஷமாக சுகர். டெஸ்டுக்கு நாலு நாள் முன்பே தயாராகிவிடுவார். காபியில் சர்க்கரை கிடையாது, ராத்திரி ரெண்டே சப்பாத்தி, காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் நடை. வெறும் வயிற்றில் 118 என்று வரும். "பாத்தியா, எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு" என்பார். அன்று மாலையே வீட்டில் மைசூர்பாகு.

போன தடவை டாக்டர் ஹெச்பிஏ1சி டெஸ்டையும் சேர்த்து எழுதிவிட்டார். வந்தது 8.6. "லேப்காரன் மாத்திக் கொடுத்துட்டான்" என்று அப்பா சொல்ல, நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் எளிமையானதுதான். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அதில் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஒட்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒட்டினது அதுவரை அநேகமாகப் போகாது. எனவே இந்த டெஸ்ட் சொல்வது கடந்த ரெண்டு மூணு மாசத்துக் கணக்கு. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 8.6 என்றால் சராசரியாக 200. அந்த 118, ஒரு நாள் காலையின் கதை மட்டும். (ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த எண் தப்பாகக் காட்டலாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

சரி, சர்க்கரை கூடினால் உடம்புக்கு என்ன ஆகிறது? தசை செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய பெரும்பாலும் இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு மூன்றிலும் அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே போகும். அங்கேயுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெடும். நரம்புகளில் மிக நீளமானவை பாதம் வரை போகிறவை. மரத்துப்போவது பெரும்பாலும் கால் விரலில் தொடங்குவது அதனால்தான்.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி அப்பாவின் காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் புண். செருப்பின் ஆணி குத்திக் குத்தி வந்தது. "வலிக்கவே இல்லையேடா" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலித்திருந்தால் முதல் நாளே செருப்பைக் கழற்றியிருப்பார். மறுநாள் டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். பல இடங்களில் அப்பா பதில் சொல்லவில்லை.

இனி குறைத்து என்ன பயன் என்று அப்பா கேட்டார். பிரிட்டனில் புதிதாக சுகர் வந்தவர்களைப் பத்து வருஷம் கவனித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹெச்பிஏ1சி 7.9-ல் இருந்தவர்களைவிட 7-ல் இருந்தவர்களுக்கு நுண்ணிய ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைவு. ஒரு புள்ளிகூட முழுசாக இல்லை, அதற்கே இவ்வளவு.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. இப்போது தினமும் படுக்கப் போகுமுன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். காலையில் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போடுகிறார். அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழித்து. இந்தத் தடவை நாலு நாள் பட்டினி உதவாது என்று அவருக்கே தெரியும்.