ஈரக் கொட்டகையில் கன்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் பனிக்காலம் கிடையாது. மழை கொட்டும் நவம்பர் இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 'இந்தக் குளிர் மாட்டை என்ன செய்யும்?' என்ற அசட்டை அதனால் வருவதுதான்.

2013 அக்டோபரில் அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஆயிரக்கணக்கான மாடுகள் பனிப்புயலில் செத்தன. பனியில் பிறந்து வளர்ந்த மாடுகள்தான். ஆனால் குளிர்கால ரோமம் முளைக்குமுன்பே மழை அவற்றைத் தொப்பலாக நனைத்துவிட்டது. பனி பிறகுதான் வந்தது. அடர்ந்த ரோமம் உலர்ந்திருந்தால் மைனஸ் 8 பாகை வரை சமாளிக்கும் மாடு, நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே உடல்சூட்டைக் காக்கத் திணறும்.

நம்மூரில் 15 பாகை வராது. ஆனால் பிறந்த கன்றுக்குக் கொழுப்பு குறைவு. ஈர உடம்போடு சிமெந்துத் தரையில், காற்று படும் இடத்தில் கிடந்தால் இங்கேயும் சூடு இறங்கும். வாயில் விரலை விட்டுப் பாருங்கள்: நாக்கு சில்லென்றிருந்து, சப்பும் வேகமும் இல்லையென்றால் காத்திருக்க நேரமில்லை. துடைத்து, உலர்த்தி, வெதுவெதுப்பாக்கிவிட்டுச் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் 6 மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். 24 மணி நேரம் கடந்தால் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது.

மரத்தூள் படுக்கையில் முட்டி போட்டுப் பாருங்கள். கால்சட்டை நனைந்தால் படுக்கையை மாற்றியே ஆகவேண்டும். கழிச்சல் கிருமி அந்த ஈரத்தில்தான் பெருகுகிறது. கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்துவது பழைய தவறு. பாலும் தரவேண்டும், உப்பு-சர்க்கரைக் கரைசலும் தனியே தரவேண்டும். கண் குழிவிழுந்து, எழ முடியாமல் கிடந்தால் டிரிப் ஏற்றக் கால்நடை மருத்துவர் வரவேண்டும்.

சாரலுக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் கென்வஸால் மூடுகிறார்கள். நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். நுரையீரல் காய்ச்சலுக்கு அது அழைப்பு. மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும்.

தொண்டை அடைப்பான் மலேசியாவில் நெடுங்காலமாக இருக்கும் நோய். ஆரோக்கியமான மாட்டின் தொண்டையிலேயே கிருமி பதுங்கியிருந்து, மழையிலும் அலைச்சலிலும் உடல் தளரும்போது கிளம்பும். காய்ச்சல், எச்சில் ஒழுகல், தாடைக்குக் கீழே வீக்கம். ஒரே நாளில் சாவும் வரலாம். வீக்கம் தெரிந்தபின் மருந்து பெரும்பாலும் பலிக்காது. தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூச மறக்காதவர்கள் இதை மட்டும் எப்படி மறக்கிறார்களோ!

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்கூரையைத் தொட்டது. கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலங்களில் கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்தால் தண்ணீர் வடியாது. கட்டிய மாட்டால் நீந்த முடியாது. எச்சரிக்கை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள். வடிந்தபின் கொட்டகைச் சேற்றில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். மாட்டின் மூத்திரத்திலும் அது வரும். பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கிளினிக்கில் முதலில் சொல்லவேண்டியது மாடு வளர்ப்பதைத்தான்.