கதையும் நியாயமும் – 9: மூன்றாம் தளத்தில் எடை எங்கிருந்து வந்தது?

ஒரு கதை தானே வகுத்துக்கொண்ட விதியை எங்கே மீறுகிறது என்று எடுத்துக் காட்டுவது ஒரு காரியம். நமக்கு உகந்த வேறொரு விதியை அதன்மேல் சுமத்திவிட்டு, அதற்கு அது உடன்படவில்லையே என்று குறை கூறுவது முற்றிலும் வேறொரு காரியம் என்று சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். இந்த வேற்றுமையைச் சோதித்தறிய, பலர் ஒரே சொப்பனத்துக்குள் புகுந்து நடமாடுவதாகக் கிறிஸ்டோபர் நோலன் 2010-இல் எடுத்த ‘இன்செப்ஷன்’ படத்தை எடுத்துக்கொள்வோம்.

அதற்குள் நுழையுமுன், நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரை நினைத்துக்கொள்வது பொருந்தும். அவ்வூரில் வாழ்ந்த, பொருளில்லாத சிவனடியார் பூசலார், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரையும் அங்கேயே அமர்த்தி, நாள் பார்த்து அடிநிலையிட்டு, விமானமும் மதிலும் குளமும் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குப் பிரதிஷ்டை வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதால் உன் நாளை மாற்றிக்கொள் என்றருளியதாகச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிவைத்தார். அம்மன்னனை இராஜசிம்மன் என்றும், அக்கற்றளியைக் கைலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். ஒருவர் மனத்தில் மட்டுமே நிலவும் கட்டடத்தின் செய்தி மற்றொருவர் கனவுக்குள் எப்படிச் சென்றது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஏனெனில், இரண்டு உள்ளங்களிலும் இறைவன் உறைகிறான் என்னும் ஒரே விதியின்மேல் அக்கதை நிற்கிறது, முடிவுவரை அதை அது மீறவுமில்லை. ஊருக்கு வந்த மன்னன் கோயில் எங்கே என்று கேட்டபோது அப்படியொன்று இங்கில்லை என்று ஊரார் சொன்னதும் பிழையன்று. கதையின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நோலனின் படமோ விதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. விமானத்தில் உறங்குவோர் யூசுபின் கனவில் மழை பெய்யும் நகரத்திலும், அங்கே ஒரு வேனில் உறங்கி ஆர்தரின் கனவில் ஒரு ஹோட்டலிலும், அங்கும் உறங்கி ஈம்ஸின் கனவில் பனிமலைக் கோட்டையிலும் விழித்தெழுகிறார்கள். பத்து மணி நேரப் பயணம் முதல் தளத்தில் ஒரு வாரமாகவும், அடுத்ததில் ஆறு மாதமாகவும், மூன்றாவதில் பத்தாண்டாகவும் நீளும் என்று படம் கூறுகிறது. தளத்துக்கு 20 மடங்கு என்று பெருக்கினால் 200 மணி, 4,000 மணி, 80,000 மணி, அதாவது எட்டு நாளுக்குச் சற்று மேல், ஐந்தரை மாதம், ஒன்பது ஆண்டு என்று வருவதால், கணக்கில் குறை காண இடமில்லை. (சிறு அறைக்குள் ஓர் இராச்சியமும், சில நாட்களுக்குள் ஓர் ஆயுட்காலமும் அடங்கும் லீலையின் சரித்திரத்தை ஞானவாசிட்டத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெருக்கல் வியப்பளிக்காது.)

நாயகன் காப் அமெரிக்காவுக்குத் திரும்பத் தவிப்பானேன், குழந்தைகளைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளக் கூடாதா என்பது அடிக்கடி எழும் ஆட்சேபம். மனைவியைக் கொன்றான் என்ற பழியைச் சுமந்து தலைமறைவாகத் திரிபவனிடம் பேரக்குழந்தைகளை அனுப்பிவைக்க எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? இதில் எந்த விதியும் மீறப்படவில்லை.

கனமான ஆட்சேபத்தை என்னிடம் எழுப்பியவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஓர் இளைஞர். “சார், வேன் பாலத்திலேருந்து விழும்போது உள்ளே தூங்கறவங்களுக்கு எடை இல்லை, அதனால ஹோட்டல்ல எல்லாரும் மிதக்கறாங்க, சரி. ஹோட்டல்ல மிதந்துக்கிட்டே தூங்கற ஈம்ஸோட கனவுல மட்டும் எல்லாரும் பனியில காலூன்றி எப்படி ஓடறாங்க?” என்றார் அவர். ஷிப்ட் முடிந்து ஜி.என்.டி. சாலையில் கம்பெனி பஸ்ஸில் உறங்கியபடி வருபவர்களுக்கு, வண்டி வளைவில் சாய்வது உறக்கத்தைக் கலைக்காமலே கனவுக்குள் வேறொரு சாய்வாகப் புகுந்துவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்த உண்மை; ஆகவே படத்தின் அடிப்படை விதியை அவர் மறுக்கவில்லை, அதை முழுமையாக ஏற்றுக்கொண்டே கேட்டார்.

இதற்குப் படத்தின் அபிமானிகள் இரண்டு சமாதானங்கள் சொல்வதுண்டு. ஹோட்டலில் மிதக்கும் உடல் கற்பனையுடல், சமநிலையை உணரும் உட்செவி விமானத்தில் கிடக்கும் மெய்யுடலில்தான் உண்டு என்பது முதலாவது. அப்படியானால் வேனில் கிடக்கும் உடலும் கற்பனையுடல்தானே. அது விழுவதால் ஹோட்டலில் எடை அற்றுப்போகவும் நியாயமில்லை. தளம் ஆழமாக ஆக அதிர்வு தேய்ந்துபோகும் என்பது இரண்டாவது. ஆனால் வேன் பாலத்தின் தடுப்பை உடைத்த அதிர்ச்சி பனிமலையில் பெரும் சரிவாக வந்து விழுவதைப் படமே காட்டுகிறது. அதிர்ச்சி வந்த வழியில் எடையின்மை மட்டும் ஏன் வரவில்லை?

எனவே இது மெய்யான பிழையே. பனிமலையில் போர் நடக்க வேண்டியிருந்தது, போருக்குக் காலடியில் தரை வேண்டியிருந்தது, ஆகவே கதாசிரியர் தம் விதியை அங்கே தளர்த்திவிட்டார் என்று நான் கருதுகிறேன். ஹோட்டல் நடைகூடத்துச் சண்டைக்காகவோ, இங்கிலாந்தில் கார்டிங்டன் என்னும் ஊரில், ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டிய பழைய கொட்டகைக்குள், முழு நடைகூடத்தையும் உண்மையாகவே சுழலும்படி அமைத்து, நடிகரை அதற்குள் உருளவிட்டுப் படம்பிடித்தார்கள். விதிக்கு அவ்வளவு விசுவாசமாக உழைத்தவர்கள் அடுத்த தளத்தில் அதைக் கைவிட்டார்கள் என்பதால்தான் இந்தப் பிழை என்னை வருத்துகிறது. அலட்சியமாக எடுத்த படமாயிருந்தால் இவ்வளவு தூரம் வாதிட்டிருக்க மாட்டேன்.

சிப்காட் இளைஞரின் ஆட்சேபம் நிற்கிறது. குழந்தைகளைப் பற்றியது தள்ளுபடியாகிறது. கனவா நனவா என்று சோதிக்கக் காப் சுழற்றிப் பார்க்கும் பம்பரத்தின் வழக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம். அதற்குள் படத்தை மறுபடி பார்க்கக்கூடிய வாசகர்கள், அந்தப் பம்பரம் முதலில் யாருக்கு உரியதாயிருந்தது என்பதை மட்டும் கவனித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.