கசிந்தால்தான் கசியாது

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் எஞ்சின் மேலே காற்றில் இருக்கிறது. கியர் பெட்டியோ தண்ணீருக்குள். மேலிருந்து இறங்கும் ஷாஃப்ட்டின் சுழற்சியை அங்குள்ள பல்சக்கரங்கள் கிடைமட்டமாகத் திருப்பி விசிறிக்குக் கொடுக்கின்றன. அந்தச் சக்கரங்களுக்கு எண்ணெய் வேண்டும். உள்ளே எண்ணெய், வெளியே ஏரி, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சுழலும் எஃகுத் தண்டு. அசையாத மூட்டை அடைத்துவிடலாம். சுழலும் தண்டைச் சுற்றி எதை வைத்து அடைப்பது?

நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட், 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த ஜான்சன் 10 குதிரைத்திறன் மோட்டாரில் முன்னே, பின்னே, நியூட்ரல் என்று கியர் மாற்ற முடிந்தது. ஆனால் கியரை மாற்றும் கம்பி பெட்டிக்குள் நுழைய இன்னொரு துளை தேவைப்பட்டது. வசதி கூடக்கூட நீர் புகும் வழியும் கூடியது.

அந்தக் காலத்து மோட்டாரைப் பழுதுபார்ப்பவர் முதலில் கியர் எண்ணெயை வடித்துப் பார்ப்பார். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெண்மை. நீர் புகுவதற்கு ஆழம் மட்டுமே காரணமல்ல. ஓடும்போது பெட்டி சூடாகி, உள்ளிருக்கும் காற்றில் கொஞ்சம் வெளியேறுகிறது. நிறுத்தியதும் ஏரி அதைக் குளிர்விக்கிறது. 60 டிகிரி செல்சியஸில் அடைபட்ட காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். அரை மீட்டர் ஆழத்து நீர் தரும் கூடுதல் அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 5 சதவீதம். தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான சீல் தேய்ந்திருந்தால், அதன் வழியாகப் பெட்டியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கும். மில்வாக்கியின் குளிர்காலத்தில் உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும். அலுமினியப் பெட்டி வெடிக்கும்.

நீர் புகுவதைத் தடுக்கும் ஆயில் சீல், எஃகு வளையத்தில் பிடித்த ரப்பர் விளிம்பு. அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு சுருள் ஸ்பிரிங். இறுக்கிப் பிடிப்பதால்தான் கசிவு நிற்கிறது என்று தோன்றும். அப்படி உலர்ந்து உரசினால் ரப்பர் விரைவில் கருகிவிடும். உண்மையில் விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே சுமார் ஒரு மைக்ரான் தடிமனில் எண்ணெய்ப் படலம் நுழைந்துவிடுகிறது. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல பத்து மடங்கு. நுழைந்த எண்ணெய் வெளியேறாதது ஏன்? விளிம்பின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் மறுபக்கச் சரிவு தட்டையாகவும் இருக்கும். தண்டு சுழலும்போது ரப்பரின் நுண்மேடுகள் சாய்ந்து, படலத்தை எண்ணெய்ப் பக்கமே திருப்பித் தள்ளுகின்றன. சீலைத் திருப்பிப் பொருத்தினால் அதே விளிம்பு எண்ணெயை வெளியே இறைத்துவிடும்! விசிறித் தண்டில் பெரும்பாலும் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக நிற்பது இதனால்தான். ஒன்று எண்ணெயைப் பார்க்கும், மற்றது ஏரியைப் பார்க்கும், நடுவே கிரீஸ்.

எனவே சீல் மாற்றும் வேலையில் ரப்பருக்கு நிகராக எஃகையும் கவனிக்க வேண்டும். விளிம்பில் பதிந்த மணல் துகள்கள், ஆண்டுக்கணக்கில் உரசி, கடினமான தண்டிலேயே பள்ளம் போட்டுவிடும். அங்கே புதுச் சீலும் தோற்கும். மெல்லிய எஃகு உறை மாட்டலாம்; அல்லது சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தி, தேயாத இடத்தில் உட்கார வைக்கலாம். தண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றினாலும் தவறு. படலம் தங்க இடமிருக்காது. சாணை பிடித்த தடம் திருகுபோல் சுற்றி ஓடினால் அதுவே பம்பாகி எண்ணெயை இறைக்கும்.

கடைசியில் சோதனை. பெட்டிக்குள் லேசாகக் காற்றடித்து, சோப்பு நீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி, அழுத்தமானி நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். எதிரெதிராக நிற்கும் விளிம்புகளை ஒரே சோதனை முழுதாகச் சோதிக்காது. எண்ணெயையும் கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே அடைபட்ட காற்று மேல்துளை வழியே வெளியேறும். காற்று மிஞ்சாத பெட்டி குளிரும்போது ஏரியை உறிஞ்சுவதும் குறைவு.