உஷ்... பந்து பேசுகிறது!

குனிந்து வாருங்கள், தலை இடிக்கும். நாம் நிற்பது ஈஃபிள் கோபுரத்தின் காலடியில் தற்காலிகமாக எழுப்பிய விளையாட்டரங்கின் இருக்கை வரிசைகளுக்கு நேர் கீழே. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான கால்கள் தடதடக்க, இரும்புச் சாரமெல்லாம் அதிர்கிறது. தரையில் பாம்புபோல் சுருண்டு கிடக்கும் கேபிள்கள், யாரோ கழற்றி வீசிய மழைக்கோட்டு, பாதி கடித்த சாண்ட்விச். 2 யூரோ முன்பணம் வாங்கிக்கொண்டு பானம் ஊற்றித் தரும் கோப்பைகள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. “நிறையப் பேர் இதைத் திருப்பித் தாறேல்லை அக்கா, ஞாபகத்துக்கு எண்டு கொண்டுபோயிடுகினம்” என்கிறாள் கூட வரும் பெண். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை. தன்னார்வலர் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, காதில் சதா கரகரக்கும் வாக்கி டாக்கி.

பாரிஸ், 2024 பாராலிம்பிக். ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 8 வரை 22 விளையாட்டுகள், 549 பதக்கப் போட்டிகள். வீரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு ஆசையெல்லாம் பார்க்க வந்தவர்கள்மேல். எந்த ஆட்டம் பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன்? பத்திரிகையாளர் அட்டையைக் காட்டி, போகக்கூடிய வாசல் வழியெல்லாம் நுழைந்துவிட்டேன். நீங்களும் வாருங்கள்.

திடீரென்று தலைக்கு மேல் தடதடப்பு நிற்கிறது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், “சிலான்ஸ், சில் வூ ப்ளே.” தயவுசெய்து அமைதி. அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கு கப்சிப். “அக்கா, இனி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது” என்று கிசுகிசுத்துவிட்டு அவளும் வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைக்கிறாள். படியேறி எட்டிப் பார்க்கிறோம்.

பார்வையற்றோர் கால்பந்து. கோல்கீப்பருக்கு மட்டும்தான் பார்வை உண்டு. மற்ற நால்வருக்கும் கண்மறைப்பு. கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவருக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் அதைக் கட்டிவிடுகிறார்கள். பந்துக்குள் சலங்கை மாதிரி உலோகத் துண்டுகள், உருண்டால் கலகலவென்று சத்தம். பந்தைப் பறிக்கப் பாய்கிறவர் “வொய்!” என்று குரல் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஃபவுல். எதிரணிக் கோலுக்குப் பின்னால் நின்று ஒரு வழிகாட்டி திசை சொல்லிக் கத்துகிறார். இத்தனை சத்தமும் வீரரின் காதுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கேலரி வாயை மூட வேண்டும். கோல் விழுந்த நொடியில் ஒட்டுமொத்தமாக வெடிக்கலாம். பிறகு மறுபடி உஷ்.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். ஏழெட்டு வயதுப் பையன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் காட்டி, “இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், வயிறு வலிக்கிறது” என்றான். அவன் பாட்டிக்கு ஒரே குஷி. “நாற்பது வருஷமாக இவரோடு கால்பந்து பார்க்கிறேன். பேசாமல் உட்கார்ந்து இன்றுதான் பார்த்தேன்” என்று கணவரைக் காட்டினார். தாத்தாவும் சிரித்தார். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை: நல்ல நகர்வுக்கு உடனே கைதட்ட முடியவில்லையே, கைகள் துடிக்கின்றனவே!

அந்த வரிசையின் கோடியில் பார்வையற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டையான பலகை. அதில் மைதானம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பந்து எங்கே போகிறதோ அங்கே பலகையே அவர் விரலைக் கொண்டுபோகிறது. பாரிஸில் பல அரங்குகளில் இந்த வசதி இருந்தது. அவரோ அதை அன்று பெரும்பாலும் கீழே வைத்துவிட்டார். “மற்ற ஆட்டங்களில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்க வேண்டியிருக்கும். இங்கே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று நான் என் தம்பிக்குச் சொல்கிறேன். கோல் விழப்போவது அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது” என்றார். தம்பி தலையாட்டினார். பாரிஸில் நான் கேட்ட கருத்துகளிலேயே இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அந்த அரங்கில் யாரைவிடவும் கூர்மையான ரசிகர் அவர்தான்.

சரி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டடம், ஷான் த மார்ஸ் அரங்கு. சக்கர நாற்காலி ரக்பி! இரும்பும் இரும்பும் மோதுகிற ‘டமார்’ வாசலிலேயே வரவேற்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் இந்த ஆட்டம் 1970களில் கனடாவில் பிறந்தது. ‘மர்டர்பால்’ என்பது அதன் பழைய செல்லப்பெயர். மோதிக் கவிழ்ப்பது குற்றமில்லை, அதுதான் ஆட்டமே.

இங்கே பின்பக்கம் ஒரு பஞ்சர் கடையேதான். ரப்பர் வாடை, மாட்டித் தொங்கும் ட்யூப்கள், சிதறிய ஸ்பேனர்கள், நசுங்கிய சக்கரத் தகடு, எண்ணெய்க்கை பட்டுக் கறுத்த துண்டு. ஒரு மெக்கானிக் மண்டியிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்கிறார், முகத்தைச் சுளிக்கிறார், மறுபடி முடுக்குகிறார். நெற்றி வியர்வை சக்கரத்திலேயே சொட்டுகிறது. உள்ளே ஆட்டத்தின் நடுவில் டயர் வெடித்தால் சத்தம் வாணவெடிபோல் கேட்கும். இவர் கருவிப்பெட்டியோடு ஓடுவார், கூட்டம் வீரரைவிட அதிகமாக இவருக்குக் கைதட்டும். பாராலிம்பிக் முழுமைக்கும் பழுதுபார்ப்புச் சேவை ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனத்துடையது. 1988 சியோல் முதல் அவர்கள்தான். பாரிஸுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பர்கள் வந்திருந்தார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, எது உடைந்தாலும் எந்த நாட்டுக்காரர் ஆனாலும் இலவசம்.

கேலரியில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி முதல் மோதலில் கழுத்துத் துணியால் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கடைசிப் பகுதியில் அவரே எழுந்து நின்று நடுவரைப் பார்த்துக் கையை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நம் வழிகாட்டிப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “முதல் நாள் வந்தவை எல்லாரும் பாவம், பாவம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவை. இப்ப கேளுங்கோ, நடுவரைத் திட்டுகினம்!” அந்தத் திட்டைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரக்கப்பட வந்தவர்கள் ரசிகர்களாக மாறிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த ஆட்டத்தில் தங்கம் கடைசியில் ஜப்பானுக்குப் போனது.

தெற்குப் பாரிஸ் அரங்கில் கோல்பால். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது. அணிக்கு மூவர். உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்தைத் தரையோடு உருட்டி எறிவார்கள், எதிரணி உடம்பையே குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடுகிறது. வீரர் விரலால் தடவித் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிற அந்தக் கணம் அவ்வளவு அழகு! ஓயாமல் விழுந்து புரள்வதால் தரையெல்லாம் வியர்வை. ஓரத்தில் காத்திருக்கும் பிள்ளைகள் துண்டோடு பாய்ந்து துடைத்துவிட்டு ஓடுகிறார்கள். பள்ளியிலிருந்து கூட்டிவரப்பட்ட மாணவர்களில் ஒருவன், “முதலில் தூக்கம் வந்தது” என்றான் ஒளிவுமறைவில்லாமல். “பெனால்ட்டியில் ஒரே ஆள் முழு கோலையும் காக்கிறார். அதற்கப்புறம் கண் சிமிட்டவில்லை.” வெள்ளை இலக்குப் பந்துக்கு அருகே தங்கள் பந்துகளைச் சேர்க்கும் போச்சியா ஆட்டத்தைப் பார்த்த சிலர் ரொம்ப மெதுவாகப் போகிறது என்றார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை இடத்துக்காக நடக்கிற அந்தப் போரைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது நம் ஊர்க் குரல் கேட்கும் இடம். போர்ட் த லா ஷப்பல் அரங்கில் பாட்மிண்டன். தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்கள் தூரமில்லை. செப்டம்பர் 1 அரையிறுதியில் தமிழ்நாட்டு வீராங்கனைகள் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாசும் எதிரெதிரே. காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் பாரிஸில் போட்டி! தமிழ்க் குடும்பம் ஒன்று தவித்துப்போனது. “ஆருக்குக் கைதட்டுறது எண்டு சொல்லுங்கோ தங்கச்சி” என்று அம்மா என்னையே கேட்டார். கடைசியில் இரண்டு பேருக்கும் தட்டினார்கள், புள்ளி எடுத்தவருக்கு ஒருமுறை, விட்டவருக்கு ஒருமுறை. 23–21, 21–17 என்று துளசிமதி வென்றார். பிறகு அவருக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம். இன்னொரு பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். மூன்று பதக்கங்கள், ஒரே அரங்கு! “பிரான்சுக்காரர் பாட்டுப் பாடி உற்சாகப்படுத்துவினம், எங்கட ஆக்கள் பயிற்சியாளர் மாதிரி ‘வலதுபக்கம் போடு, வலதுபக்கம் போடு’ எண்டு கத்துவினம்” என்று அந்த வீட்டுப் பையன் சொன்ன ஒப்பீடு நூற்றுக்கு நூறு உண்மை.

செப்டம்பர் 7 இரவு மறுபடி ஈஃபிள் அரங்கு. பார்வையற்றோர் கால்பந்து இறுதி, பிரான்ஸ் – அர்ஜென்டினா. 2004இல் இந்த ஆட்டம் சேர்ந்ததிலிருந்து ஐந்து தங்கங்களையும் அள்ளிய பிரேசில் அரையிறுதியிலேயே போய்விட்டது. 1–1, பெனால்ட்டி. வழிகாட்டி கோல் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். இடது எங்கே, வலது எங்கே என்று அந்த ‘டிங், டிங்’தான் சொல்லும். சொந்த நாடு தங்கத்துக்கு ஆடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை! முன்வரிசைக்காரர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். பிரான்ஸ் அணித்தலைவர் ஃப்ரெடெரிக் வில்ரூ உதைத்தார். கோல்! அடைத்து வைத்திருந்த அத்தனை சத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கேலரிக்குக் கீழே, தடுப்புகளுக்குப் பின்னால், நாள் முழுக்க மற்றவர்களை ‘உஷ்’ என்று அடக்கிய தன்னார்வலர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள். நம் பெண்ணுக்கு மறுநாள் குரலே எழும்பவில்லை.

அடுத்த பாராலிம்பிக் லாஸ் ஏஞ்சலஸில், 2028 ஆகஸ்ட் 15 முதல் 27 வரை. சுவரேறும் விளையாட்டு அப்போது முதன்முறையாகச் சேர்கிறது. பதக்கப் பட்டியலைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒரே ஓர் ஆட்டத்தையாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பாருங்கள். எதைப் பார்ப்பது என்று கேட்டால், என் ஓட்டு கோல்பாலுக்கு. தொலைக்காட்சியில்தான் பார்ப்பீர்கள் என்றாலும், அறையில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.