செக்ரோல் திரையும் நாற்பது ஏக்கர் காகிதமும்

தோட்ட ஆபீசில் கிராணியின் (எழுத்தரின்) மேசைமேல் விரிந்து கிடக்கும் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கட்டங்கள் மறக்காது. இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பெயர்கள். தலைப்பில் 1 முதல் 31 வரை தேதிகள். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டதும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு குறி விழும். மாதக் கடைசியில் அந்தக் குறிகளைக் கூட்டித்தான் சம்பளம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா, பாகான் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் புத்தகத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு.

கித்தா (ரப்பர்) காடுகள் பெரும்பாலும் செம்பனையாகவும் தாமான்களாகவும் (குடியிருப்புகளாகவும்) மாறிவிட்டன. வேலைக்கு நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிறையப் பேர். ஆனாலும் யார் வந்தார், எத்தனை குலை வெட்டினார் என்ற கணக்கை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். அந்தக் கட்டங்களை மண்டோரின் (வேலையை மேற்பார்ப்பவரின்) கைப்பேசிக்குள் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈப்போவிலோ கம்பாரிலோ கணினி படிக்கும் ஒரு மாணவர் முதலில் கையில் எடுக்கும் கருவி மெய்நிகர் கேன்வாஸாகத்தான் இருக்கும்.

ஃபிக்மா, பென்பாட் போன்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தால் எதிரே ஒரு வெற்றுவெளி தெரியும். பெட்டி, பொத்தான், எழுத்து, படம் என்று எதை வேண்டுமானாலும் இழுத்து அதில் வைக்கலாம். வைத்த ஒவ்வொன்றுக்கும் கணினி நான்கு எண்களைக் குறித்துக்கொள்கிறது: இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு கீழே, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். இவை நம் முன்னே இருக்கும் திரையின் அளவுகள் இல்லை, கணினி கற்பனையாக வைத்திருக்கும் ஒரு தளத்தின் அளவுகள். அந்தத் தளத்தின் எல்லை நம் கண்ணில் படாத அளவுக்குத் தொலைவில் இருக்கும். அதில் நாம் கேட்ட பகுதியை, கேட்ட பெருக்கத்தில், திரை காட்டுகிறது.

இதற்குத் தேவையான கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். தளத்தில் ஒரு பொத்தான் இடமிருந்து 120, மேலிருந்து 640 என்ற இடத்தில் இருக்கிறது. திரை இப்போது 100, 600 என்ற இடத்திலிருந்து தொடங்கும் பகுதியை இரண்டு மடங்காகக் காட்டுகிறது. 120இல் 100 போனால் 20, அதன் இரு மடங்கு 40. 640இல் 600 போனால் 40, அதன் இரு மடங்கு 80. ஆக, திரையில் 40, 80 என்ற புள்ளியில் பொத்தான் வரையப்படும். விரல் 50, 90 என்ற இடத்தில் பட்டால் இதே கணக்கைத் திருப்பிப் போடவேண்டும்: இரண்டால் வகுத்து, கழித்ததைக் கூட்டினால் 125, 645. அது பொத்தானின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ளே விழுந்தால், பொத்தான் அழுத்தப்பட்டது. விரலால் பெரிதாக்குவது, நகர்த்துவது, தொடுவது எல்லாமே ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கும் இந்தக் கூட்டல் பெருக்கல்தான்.

இந்த யோசனைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் 1963இல் தம் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் அது ஓடியது. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வரையலாம். வரையும் பரப்பு 7 அங்குலச் சதுரம்தான். ஆனால் 2000 மடங்கு பெருக்கத்துக்கு வழி இருந்ததால், உள்ளே இருந்த காகிதத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய கால் மைல் நீளம். கால் மைலுக்குக் கால் மைல் என்றால் தோட்டக் கணக்கில் 40 ஏக்கர். ஒரு சிறு தோட்டக்காரரின் நிலம் முழுவதும் ஏழு அங்குலக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

அந்த 40 ஏக்கரை விடப் பெரிய விஷயம் ஒன்று ஸ்கெட்ச்பேடில் இருந்தது. கோணல்மாணலாக நாலு கோடு போட்டுவிட்டு, 'இவ்விரண்டும் இணையாக இருக்கட்டும், இவை சம நீளமாக இருக்கட்டும்' என்று சொன்னால் போதும், கணினி தானே நகர்த்திச் சரிசெய்துவிடும். எது எங்கே இருக்கிறது என்பதோடு, எது எதற்கு என்ன உறவு என்பதும் வரைபடத்தில் சேர்ந்தது. இந்த இரண்டாவது பாதியைத் திரை வடிவமைப்பில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக் அதற்கு நல்ல சான்று. ஆலன் கூப்பர் உருவாக்கி 1988இல் அந்த நிறுவனத்துக்கு விற்ற ரூபி என்ற வடிவமைப்புப் பலகையை பேசிக் மொழியோடு பிணைத்தார்கள். கருவிப்பெட்டியிலிருந்து பொத்தானை இழுத்துப் படிவத்தில் போடு, இருமுறை சொடுக்கு, நாலு வரி எழுது, வேலை முடிந்தது. கணினியை முறையாகப் படிக்காத கணக்கர்கள்கூடக் கடைக்கும் கிளினிக்குக்கும் தாங்களே மென்பொருள் செய்துகொண்டார்கள். சாமானியர் கைக்கு நிரலாக்கத்தைக் கொண்டுபோனதில் அதற்கு இணையாக நான் சொல்லக்கூடியது மிகச் சிலவே. அளவுக்கு அது வைத்திருந்த ட்விப் என்ற அலகும் நல்ல யோசனைதான்: அங்குலத்துக்கு 1440 ட்விப், திரைப் புள்ளியோடு ஒட்டாத அலகு. ஆனால் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே நின்றது. சாளரத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் எல்லாம் இடது மூலையில் ஒண்டிக்கொண்டு, மிச்ச இடம் சாம்பல் நிறத்தில் காலியாகக் கிடக்கும். சிறிதாக்கினால் 'சேவ்' பொத்தான் விளிம்புக்கு வெளியே போய்விடும். தன் மேசையிலிருந்த திரைக்கு மட்டும் பொருந்தும்படி ஒருவர் வரைந்தார், மற்றவர்கள் எல்லாரும் அதற்குள் அடங்கவேண்டியிருந்தது.

தமிழ் அடிபட்டது இங்கேதான்.

ஆங்கிலத்தில் 'எடிட்' நான்கு எழுத்து. மலாயில் 'சுந்திங்' ஏழு. தமிழில் 'திருத்து' நான்கே எழுத்து என்றாலும், வளைவும் கொம்புமாக இரண்டையும் விட இடம் பிடிக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துப் பொத்தானை வரைந்து, கடைசியில் மொழிபெயர்ப்பைக் கொட்டினால் எழுத்து வழியும் அல்லது வெட்டுப்படும். ஐபிஎம் வெகுகாலமாகக் கொடுத்துவரும் வழிகாட்டியில், பத்தெழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று மடங்கு இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். பொத்தான்களில் இருப்பவை எல்லாம் அத்தகைய குட்டிச் சொற்கள்தானே.

வெட்டுப்படுவதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. செக்ரோலில் ரப்பர்ப் பாலுக்கு 'பால்' என்று ஒரு தலைப்பு. நமக்கு அது இரண்டெழுத்து. கணினியின் யூனிகோடு கணக்கில் நான்கு: ப, துணைக்கால், ல, புள்ளி. தலைப்புக்கு மூன்று குறிகள் போதும் என்று யாரோ வரம்பு வைத்திருந்தால், புள்ளி உதிர்ந்து 'பால' என்று நிற்கும். இதையே 'கொ' போன்ற எழுத்தில் பாருங்கள்: சேமிப்பில் இரண்டு குறி, ஆனால் திரையில் கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் க என்று மூன்று உருவங்கள். எனவே குறிகளை எண்ணித் தமிழ்ச் சொல்லின் அகலத்தைச் சொல்லவே முடியாது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரல் சொல்லை முழுவதும் கோத்து முடித்த பிறகுதான் அகலத்தை அளக்கமுடியும்.

அந்த அகலமும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, விண்டோஸில் முன்பு லதா, இப்போது நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்.என். இந்தக் கடைசி எழுத்துருவின் பெயரிலுள்ள எம்.என். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனைக் குறிப்பது. 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கி, 2005 பொங்கலுக்குச் செல்லினத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தவர் அவர். தமிழ் எழுத்தே இல்லாத கைப்பேசிகள் நம் சட்டைப்பையில் இருந்த காலம் அது. அவரைப் போன்றவர்களின் உழைப்பால் எழுத்து இன்று திரைக்கு வந்துவிட்டது. அந்த எழுத்து உட்காரப் போதுமான இடம் விடவேண்டிய பொறுப்பு வடிவமைப்பவருடையது.

அதற்கு விடை, சதர்லாண்ட் விட்டுச்சென்ற இரண்டாவது பாதிதான். 1990களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் போர்னிங், கிரெக் பாட்ராஸ் முதலியோர் கேசோவரி என்ற வழிமுறையை உருவாக்கினார்கள். ஆப்பிள் தன் ஆட்டோ லேஅவுட்டில் 2011 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது. இதில் வடிவமைப்பவர் பொருளின் இடத்தைச் சொல்வதில்லை, சமன்பாடுகளையும் சமனிலிகளையும் சொல்கிறார். 'பொத்தானின் அகலம், அதிலுள்ள சொல்லின் அகலத்தோடு 24 சேர்த்ததற்குக் குறையக்கூடாது.' 'பொத்தானின் வலது விளிம்பு, திரையின் வலது விளிம்பிலிருந்து 16 உள்ளே.' 'முடிந்தால் இரண்டு பொத்தானும் சம அகலம்.' இவற்றில் சில கட்டாயம், சில விருப்பம். எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய நான்கு எண்களைக் கணினியே கண்டுபிடிக்கிறது. தீர்க்கும் முறைக்கு அடிப்படை, ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் தந்த சிம்ப்ளெக்ஸ். ராணுவத் திட்டமிடலுக்குப் பிறந்த கணிதம் இன்று பொத்தானை நகர்த்துகிறது. சொல் மாறினால் சமன்பாடு மறுபடி தீர்க்கப்படும். மலாய்க்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரையவேண்டியதில்லை.

தோட்டத்தில் கன்று நட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சமதரையில் கயிறு பிடித்து நேர் நிரையாக நடுவார்கள். மேட்டுச் சரிவில் அதே நேர்கோட்டைப் பிடிவாதமாக இழுத்தால் மழையில் மண் கரைந்துவிடும். அங்கே நிரை மலையின் சம உயரத்தைத் தொடர்ந்து வளைந்து போகும். எந்த மரம் எந்த இடத்தில் என்று யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. நிரைக்கும் நிரைக்கும், மரத்துக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே விதி. நிலத்தின் வடிவம் மற்றதைத் தீர்மானிக்கும். 1877இல் கோலாகங்சாரில் முதல் கன்றுகளை ஊன்றிய பிறகு பேராக்கின் குன்றுகளில் ஏறிய ரப்பர் காலப்போக்கில் கற்றுக்கொண்ட விதி இது.

இப்போது நம் செக்ரோல் திரைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றின் அகலம் 360 டிபி. டிபி என்பதும் கற்பனை அலகுதான்: அங்குலத்துக்கு 160. திரையில் எத்தனை புள்ளி இருந்தாலும் பொருளின் கண்ணளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க அது உதவுகிறது. இரு ஓரமும் 16 விட்டால் 328 மிச்சம். குலை எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான். விரல் படும் பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48. நடுவே எண்ணுக்கு 56. மொத்தம் 152. இடைவெளி 16. பெயருக்குக் கிடைப்பது 160.

அந்த 160க்குள் 'சுப்பிரமணியம் ஏ/எல் (மகன்) கோவிந்தசாமி' போன்ற பெயர் உட்காரவேண்டும். ஒரே வரியில் முடியாது. இந்தோனேசியத் தொழிலாளர் பலருக்கு ஒற்றைப் பெயர்தான், அது அரை வரியில் முடிந்துவிடும். எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் என்று முடிவுகட்டி வரைந்தால் கோவிந்தசாமி காணாமல் போவார். அதே தோட்டத்தில் இன்னொரு சுப்பிரமணியம் இருந்தால் ஒருவர் வெட்டிய குலை மற்றவர் கணக்கில் விழும். பெயர் வெட்டுப்படுவதைச் சின்ன அழகியல் குறையாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இது கூலி விஷயம்.

எனவே வரிசையின் உயரம் பெயரின் உயரத்தைப் பின்பற்றட்டும் என்று விதி எழுதவேண்டும். ஃபிக்மாவில் 2019 முதல் இருக்கும் ஆட்டோ லேஅவுட் இதைக் கேன்வாஸிலேயே செய்துகாட்டும்: பெயரை நீட்டினால் பெட்டி வளரும், கீழே உள்ளவை தள்ளிப் போகும். காசில்லாமல் கிடைக்கும் திறந்தமூல பென்பாடிலும் இந்த வசதி உண்டு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நான் அதையே சொல்வேன்.

தமிழ்ப்பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் நடக்கிறது. 1969இல் தொடங்கி நாட்டின் முதல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்ற உங்கு ஓமார் ஈப்போவில் இருக்கிறது. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேன்வாஸில் முதல் பெட்டியை வைத்ததும் அதில் ஆங்கிலச் சொல்லைப் போடாதீர்கள். தமிழ்ச் சொல்லைப் போடுங்கள், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததிலேயே நீளமான பெயரைப் போடுங்கள். எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், ஏனென்றால் வயதான மண்டோர் அப்படித்தான் வைத்திருப்பார். பெயர் மூன்று வரிக்குப் போகும். திரையில் பத்துப் பேர் தெரிந்த இடத்தில் ஐந்து பேர்தான் தெரிவார்கள். அப்போது 'சேமி' பொத்தான் கீழே தள்ளப்பட்டுக் கண்ணில் படாமல் போகிறதா என்று கவனியுங்கள். போனால், பட்டியலின் கடைசி வரிசையோடு இருக்கும் அதன் உறவை வெட்டிவிட்டு, திரையின் கீழ் விளிம்போடு கட்டுங்கள்.